கழுத்தில் முறிந்த கட்டை

ஸ்ரீரங்கம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டி சறுக்கி விழுந்ததில் உனக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று என்பதே எனக்குப் போதும். துப்பாக்கியின் மரக்கட்டை கழுத்தில் முறிந்திருக்கிறது, குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏர் ரைஃபிள் உன்னுடையது இல்லை; பயிற்சிக்கு வரும் மூத்தவர் ஒருவர் உன்னை நம்பிக் கொடுத்தது. அவர் காதுக்குப் போவதற்குள் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் வேலை செய்யும்போது பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க எழுத்துதான் உதவும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த மூத்தவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. நேரில் போய்ச் சொல். மாமா மரவேலை செய்கிறவர், சரிசெய்ய முடியும் என்கிறார், நீங்கள் சம்மதித்தால் செய்கிறோம், இல்லையென்றால் புதுக் கட்டைக்கு ஆகும் பணத்தைத் தருகிறேன் என்று சொல். அவர் பொருளில் நாம் கை வைப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டியதை மறைத்துத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து அதை எடுத்துத் தோளில் வைக்கிற ஆள் யார் என்று உனக்குத் தெரியாது. கன்னம் படுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒட்டு அது.

அவர் பதில் சொல்லும்வரை நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முறிந்த முகங்களைத் தொடாதே. பொருந்துகிறதா என்று இரண்டையும் வைத்து வைத்துப் பார்க்காதே. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஊசி ஊசியாய் நிற்கிற சிம்புகள் மடங்கி நசுங்கும். பிறகு அவை தம் இடத்துக்குப் போகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. விழுந்த இடத்தில் பொறுக்கிய சிம்புகளை ஒரு காகித உறையில் போட்டு வை. நகக்கண் அளவுத் துண்டாக இருந்தாலும் வேண்டும். நூறு ரூபாய்ப் பசையை விட அந்தத் துண்டு மதிப்புள்ளது.

ஃபெவிக்விக் ஏன் ஆகாது என்று நீ கேட்பாய். அது சில நொடியில் பிடித்துவிடும். கட்டையை முன்பின் நகர்த்தி ரேகைக்கு ரேகை சேர்க்க உனக்கு நேரம் தராது. மயிரிழை விலகிப் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். இறுகிய பின் கண்ணாடி போல இருக்கும், அடி தாங்காது. இதையெல்லாம் விட மோசம், நாரில் ஊறிக் கெட்டிப்பட்டுவிடுவதால் அதன்பிறகு வேறு எந்த நல்ல பசையும் மரத்துக்குள் இறங்காது. முதல் ஒட்டு தப்பினால் மரம் இரண்டாவது வாய்ப்பை முழுசாகத் தருவதில்லை.

இனி முறிவைப் பார்ப்போம். நீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாய். மைல்டு ஸ்டீல் கம்பியைப் பற்றி உனக்குத் தெரியும். அதை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலம். மரம் அப்படியில்லை. ரேகையின் போக்கில் இழுத்தால் யானை பலம். ரேகைக்குக் குறுக்கே இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மரத்தில் செய்த எந்தப் பொருள் முறிந்தாலும் அது பெரும்பாலும் ரேகை குறுக்கே ஓடி வெளியே வந்துவிட்ட இடத்தில்தான் முறியும். அதைக் கண்டுபிடிக்காமல் ஒட்டினால் ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி முறியும்.

நம் ஊரில் வாகனம் செய்கிறவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். குதிரை வாகனத்தின் தூக்கிய முன்னங்கால்களைப் பார்த்திருப்பாய். உடம்பையும் வளைந்த காலையும் ஒரே கட்டையில் செதுக்கினால் முட்டி மடிகிற இடத்தில் ரேகை குறுக்கே வந்துவிடும். திருநாளன்று தோளில் ஏறிக் குலுங்கும்போது கால் தனியாகக் கையில் வந்துவிடும். அதனால் தொடைக்கு ஒரு துண்டு, முட்டிக்குக் கீழே ஒரு துண்டு என்று ஒவ்வொன்றிலும் ரேகை நீளவாக்கில் ஓடும்படி தனித்தனியாகச் செதுக்கி, கழுந்து வைத்துச் சேர்ப்பார்கள். அத்தி, மாவலிங்கம் போன்ற மரங்களில் இந்த வேலை நடக்கும். நம் கோயிலில் சேஷராயர் மண்டபத்துத் தூணில் பாயும் குதிரைகளைச் செதுக்கிய சிற்பிக்கு இந்தக் கவலை இல்லை. கல்லில் அவன் கவலைகள் வேறு. மரத்தில் அதே குதிரையைக் கேட்டால் தச்சன் முதலில் யோசிப்பது ரேகை எங்கே திரும்ப வேண்டும் என்பதைத்தான்.

துப்பாக்கிக் கட்டையிலும் இதே சிக்கல். குழல் படுக்கிற முன்பகுதி நேராக இருக்கிறது. தோளில் பதிகிற பின்பகுதி கீழ்நோக்கி இறங்குகிறது. நடுவில் கை பிடிக்க வசதியாக மெலிந்த கழுத்து. ஒரே பலகையிலிருந்து இதை அறுத்து எடுக்கும்போது முன்பகுதிக்கு ரேகை நேராக வந்தால் கழுத்தில் அது சாய்வாக வெட்டுப்பட்டு வெளியே ஓடிவிடும். போதாக்குறைக்கு அந்த மெலிந்த இடத்தில்தான் ட்ரிகர் விசைக்காகக் குடைகிறார்கள், திருகுக்காகத் துளை போடுகிறார்கள். இருக்கிற கொஞ்ச மரத்திலும் பாதி போய்விடும். பின்பகுதி தரையில் அடிபட்டால் அது நெம்புகோலாகி முழு விசையும் கழுத்தில் வந்து விழுகிறது. நல்ல கட்டை செய்பவர் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே கழுத்தின் வளைவோடு ரேகையும் வளைகிற துண்டாகத் தேடுவார். அடிமரத்துக்குப் பக்கத்தில், வேர் பிரிகிற இடத்தில் அப்படிக் கிடைக்கும்.

இந்தக் கழுத்து முறிவு புதிதில்லை. நாம் குடியிருக்கிற இந்தத் தீவையே எடுத்துக்கொள். 1751-இல் தொடங்கித் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இங்கே வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா சரணடைந்தது ஸ்ரீரங்கத்தில்தான். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் சுமந்தது வால்நட் மரக் கட்டை போட்ட, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த மஸ்கெட். கைகலப்பில் அதைத் திருப்பிப் பிடித்து அடித்தால் முதலில் போவது கழுத்து. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் கழுத்தைச் சுற்றிப் பித்தளைத் தகடு அடித்ததையும், பச்சைத் தோலை ஈரமாகச் சுற்றித் தைத்ததையும் பல நாடுகளில் இன்றும் பார்க்கலாம். தோல் காயும்போது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகில்லை, ஆனால் புத்திசாலித்தனமான வேலை.

பிற்பாடு வந்த லீ-என்ஃபீல்டு .303 ரைஃபிளில் இந்த நோய்க்கு வடிவத்திலேயே மருந்து வைத்தார்கள். அதில் கட்டை ஒரே துண்டு இல்லை. முன்கட்டை தனி, தோளில் பதிகிற பட் தனி. பட் ஓர் எஃகுக் குழிக்குள் நுழைந்து, உள்ளே ஓடும் நீண்ட போல்ட்டில் இறுக்கப்படும். கழுத்தில் வரும் விசையை எஃகு வாங்கிக்கொள்ளும். ஆனால் நோய் இடம் மாறியது. சுடும்போது இரும்பு பின்னுக்கு உதைக்கிறது. முன்கட்டையின் பின்முனை சரியாகப் பதியாவிட்டால் அங்கே பிளந்துகொள்ளும். வங்காளத்தில் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த ரைஃபிள்களில் முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகு போட்டிருப்பார்கள். பிளவு தொடங்காமலிருக்க மரத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடிக்கிற திருகு. துப்பாக்கி சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க அதை இச்சாப்பூர் திருகு என்றே சொல்கிறார்கள். கிரெனேடு ஏவுவதற்காக ஒதுக்கிய ரைஃபிள்களில் முன்கட்டை மேல் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயம் பற்ற வைத்தார்கள். அவ்வளவு உதையை வெறும் மரம் தாங்காது என்று தெரிந்து செய்தது. எனக்கு இந்த இரண்டு வேலைகள் மேலும் பெரிய மரியாதை உண்டு. மரம் எங்கே தோற்கும் என்பதைப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் உதவியிருக்கிறார்கள்.

இனி எல்லாம் பிளாஸ்டிக் கட்டைதானே, இதைக் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்றும் எழுதியிருக்கிறாய். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் நவல்பட்டில் இருக்கும் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கியது. 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கு மரக் கட்டை இருந்தது. பிறகு வந்த இன்சாஸ் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. அந்தத் தொழிற்சாலையின் சொந்தத் தயாரிப்பான திருச்சி அசால்ட் ரைஃபிளில் ஒரு வகைக்கு மடக்கும் இரும்புப் பட். இராணுவத்துக்கு அது சரியான முடிவு. மழையில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். அது அசைந்தால் குழலின் மேல் அழுத்தம் மாறி, குறி மாறும். எல்லையில் நிற்கிறவனிடம் அந்தக் கவலையைக் கொடுக்கக் கூடாது.

ஆனால் உன் கையில் இருப்பது பீச் மரக் கட்டை. பிளாஸ்டிக் வந்துவிட்டது என்பதால் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. மரத்தைப் பற்றி இதில் கற்றுக்கொள்கிற பாடம் கட்டிலுக்கும் கதவுக்கும் வீணைக்கும் ஒன்றுதான். 2022 ஜூலையில் திருச்சியில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்து, நடிகர் அஜித் குமார் வந்து சுட்டபோதுதான் உனக்கு இந்த ஆசை பிடித்தது என்று உன் அம்மா சொன்னாள். ஆசை எங்கிருந்து வந்தாலும் நல்லதுதான். பிடித்த கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்துகொண்டால் அந்த ஆசை இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

படத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். முறிவு மேலே விசைக்குப் பின்னால் தொடங்கி, சாய்வாகக் கீழே இறங்கி, இரண்டரை அங்குல நீளத்துக்கு ஓடியிருக்கிறது. இது நல்ல முறிவு. சாய்வு நீள நீள, பசை பிடிக்க நார்ப்பக்கம் அதிகம் கிடைக்கும். குட்டையாக, அறுத்தாற்போல் முறிந்திருந்தால் பசை நார்களின் வாயில்தான் படும். அங்கே அது நிற்காது, உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். தச்சர்கள் இரண்டு சட்டங்களை நீளவாக்கில் சேர்க்கும்போது கனத்தைப் போல் எட்டு மடங்கு, பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவிச் சேர்ப்பது இதனால்தான். உன் முறிவு அவ்வளவு நீளமில்லை. அதனால் பசையோடு உள்ளே ஒரு கம்பியும் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முறிந்த முகத்தில் முக்கால்வாசி வெளிர் நிறம், சிம்பு சிம்பாகப் புதிதாக இருக்கிறது. மேல்முனையில் மட்டும் விரல் அகலத்துக்குக் கறுப்பு. அது நேற்றைய முறிவில்லை. பழைய விரிசல். நெடுநாளாக அங்கே எண்ணெயும் அழுக்கும் இறங்கியிருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்தது முறித்தது உண்மை. ஆனால் கட்டை ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை மூத்தவரிடம் சொல்லும்போது உன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லாதே. அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல். திருகு தளர்ந்து இரும்பு கட்டைக்குள் ஆடினால் இப்படி விரிசல் விடும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் இரண்டு தடவை உதறுகிற சாதனம். மாதம் ஒருமுறை திருகுகளைப் பார்த்து இறுக்காவிட்டால் தளர்ந்துவிடும்.

அந்தக் கறுப்புதான் இந்த வேலையின் பாதி. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. துப்பாக்கியை எப்போதும் குழல் மேலே பார்க்க நிறுத்திவைத்தால் உள்ளே போட்ட எண்ணெய் மெள்ள இறங்கிக் கட்டையின் கழுத்துக்கு வந்து சேரும். வருடங்கள் போனால் மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதிகிற அளவுக்குத் தளர்ந்துவிடும். உன்னுடையதில் அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கிறேன். சாக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து, கறுத்த இடத்தில் கனமாக அப்பி வைக்க வேண்டும். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயை இளக்கும். அது ஆவியாகி வெளியே வரும்போது எண்ணெயும் கூட வந்து தூளில் ஏறும். தூள் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை இதைச் செய். அவசரப்படாதே. சன்னலைத் திறந்து வை, சமையலறைப் பக்கம் போகாதே. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

அதற்கு முன், இரும்பைக் கட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏறியிருக்கவில்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொள். கட்டைத் திருகுகளை மட்டும் கழற்று. பின்பக்கத்து மூடியைத் தொடாதே. அதற்குள் ஸ்பிரிங் ஓரளவு அழுத்தத்தில்தான் எப்போதும் இருக்கும். தெரியாமல் கழற்றினால் முகத்துக்கு நேராகப் பாயும். முறிந்த கட்டையோடு சுட்டுப் பார்ப்பதும் கூடவே கூடாது.

பசைக்கு வருவோம். சுத்தமான, புதிய முறிவு என்றால் நல்ல மரப்பசையே போதும். இறுக்கிக் கட்டினால் மரத்தை விடப் பலமாகப் பிடிக்கும். பழைய ஆசாரிகள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டியதெல்லாம் தலைமுறை தாண்டி நிற்கிறது. ஆனால் உன் கட்டையில் ஒரு மூலையில் எண்ணெய் வாடை இருக்கிறது, சில சிம்புகள் காணாமல் போயிருக்கின்றன. இடைவெளியை நிரப்பிக்கொண்டு பிடிக்க அரால்டைட் என்கிற எபாக்சிதான் ஏற்றது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்காதே. ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் பழைய வகையையே கேட்டு வாங்கு. மெதுவாக இறுகுவது நாருக்குள் நன்றாக இறங்கும், வெப்பமும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அப்படியும் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அந்தத் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று மூத்தவரிடம் சொல்லிவிடு. எபாக்சி சூட்டில் இளகும்.

பசை தொடுவதற்கு முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, உலர்வாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழிவிடாமல் மடங்கி நிற்கும் சிம்பு இருந்தால் ஊசி முனையால் நிமிர்த்து. முடியாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் சீவி எடு. எப்படி இறுக்குவது என்பதையும் அப்போதே முடிவு செய். கட்டையில் நேரான பக்கம் ஒன்றுகூட இல்லை. கிளாம்ப் போட்டால் வழுக்கும், மூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். இதற்குச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய டியூப் போல வேறில்லை. நீளவாக்கில் அங்குல அகலத்துக்கு வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். முன்னும் பின்னும் சேர்க்க, பட்டின் அடியிலிருந்து முன்முனைவரை ஒரு கயிறு போட்டு முறுக்கிக்கொள். எபாக்சியை உயிர்போக நெருக்காதே. பசை எல்லாம் வழிந்துவிட்டால் மூட்டு பட்டினியாகிவிடும்.

இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை குழை. இரண்டு முகத்திலும் மெல்லத் தடவு, சிம்புகளின் அடிவரை பல்குச்சியால் தள்ளு. இரும்பு உட்காரும் குடைவில் பசை போகக் கூடாது; திருகுத் துளைகளில் மெழுகு அடைத்துக்கொள். வழிவதைத் தின்னர் தொட்ட துணியால் உடனே துடை. பிறகு அதை மறந்துவிடு. மறுநாள் காலையில் பிடித்துவிட்டதா என்று அசைத்துப் பார்க்கத் தோன்றும். தொடாதே. அந்த நேரத்துக்குப் பரீட்சைக்குப் படி.

முழுசாக இறுகிய பிறகுதான் கம்பி. குடைவின் உள்பக்கத்திலிருந்து, வெளியே தெரியாதபடி, முறிவைக் குறுக்கே கடந்து கழுத்தின் நடுவில் போகும் ஒரு துளை. கால் அங்குலத்துக்கு மிஞ்ச வேண்டாம். மரை வெட்டிய கம்பியைத்தான் உள்ளே விட வேண்டும். வழவழப்பான கம்பியைப் பசை பிடிக்காது, மரைப் பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கதவு நிலைக்கு மூங்கில் ஆணி அடிக்கிற நம் வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கழுத்தில் வளைக்கிற விசை வருவதால் இங்கே உலோகமே நல்லது. இந்தத் துளையை நீ தனியாகப் போடாதே. கோணம் கொஞ்சம் தப்பினால் பர்மா கன்னத்தைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒட்டு இறுகியபின் கட்டையை மறுபடி இங்கே எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து போடுவோம்.

அதுவரை கை பழக ஒன்று செய். மரக்கடைப் பக்கம் போய்க் கழிவுத் துண்டுகள் நாலு வாங்கு. ரேகை நீளமாக ஓடுகிற துண்டு இரண்டு, சாய்ந்து வெளியே ஓடுகிற துண்டு இரண்டு. முழங்காலில் வைத்து ஒடி. சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். நீளத் துண்டு முனகி முனகி நார் நாராகப் பிரியும். சாய்ந்தது ஒரே சொடுக்கில் போய்விடும். நான்கையும் ஒட்டி, இறுகியபின் மறுபடி ஒடி. நன்றாக ஒட்டியிருந்தால் ஒட்டு நிற்கும், பக்கத்து மரம் முறியும். ஒட்டிலேயே விட்டால் முகத்தைப் பார். பளபளப்பாக இருந்தால் பசை மரத்துக்குள் இறங்கவில்லை, அழுக்கோ எண்ணெயோ இருந்திருக்கிறது. நார் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் உன் வேலை சரி.

உன் சிநேகிதனின் தாத்தாவிடம் துறையூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது, அதன் கட்டையிலும் விரிசல், அதையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அதில் நீ கை வைக்காதே. விளையாட்டுப் பேச்சாகக்கூட ஒத்துக்கொள்ளாதே. .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் லைசென்ஸ் கேட்பதில்லை. தோட்டாத் துப்பாக்கி அப்படியில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி அதைப் பழுதுபார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். வைத்திருக்கும் லைசென்ஸ் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. அதை உன் வீட்டில் ஒரு இரவு வைத்திருப்பதுகூடக் குற்றம். நான் துப்பாக்கிக் கட்டை வேலை பழகியதும் லைசென்ஸ் உள்ள பட்டறையில், உரிமையாளரின் கண்முன்னால்தான்.

சட்டம் ஒரு பக்கம். உதையும் வேறு. தோட்டா வெடிக்கும்போது இரும்பு முழுவதும் பின்னுக்கு வந்து கட்டையில் மோதுகிறது. கட்டைக்குள் அது உட்காரும் முகம் சரியாகப் பதிந்திருக்க வேண்டும். அதே சமயம் பின்னால் நீண்டிருக்கும் இரும்பு வாலுக்குப் பின்னே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சுடும்போதும் வால் ஆப்பு மாதிரி மரத்தில் இறங்கும். கழுத்துக்கு மேலே தொடங்கி நேராகப் பின்னோக்கி ஓடும் விரிசலைப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். விரிசலை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் மூன்றாவது தோட்டாவில் மறுபடி விடும், தாத்தாவின் முகம் பக்கத்தில் இருக்கும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு அவரே எடுத்துப் போகட்டும். அதுவரை சுட வேண்டாம் என்று உன் சிநேகிதனை இன்றே சொல்லச் சொல்.

மேல்பூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பி போட்டு முடித்தபின் கழுத்தில் வழிந்து இறுகிய பசையைக் கண்ணாடிச் சில்லாலோ சுரண்டு தகட்டாலோ எடுக்க வேண்டும். முரட்டு உப்புத்தாள் போட்டால் சுற்றியுள்ள நல்ல மரம் பள்ளமாகிவிடும், பிடிக்கும்போது கை சொல்லும். பீச் மரத்துக்கு லின்சீட் ஆயில் நல்லது. துளித் துளியாக எடுத்து உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த பூச்சு. நம் இரண்டு ஆற்றுக்கு நடுவில் ஐப்பசி, கார்த்திகையில் அது காயவே காயாது; தை வரை பொறுத்துக்கொண்டால் நல்லது. வெளியே மட்டும் பூசிவிட்டு உள் குடைவைப் பூச்சில்லாமல் விடாதே. அந்த வழியாக ஈரம் ஏறி இறங்கி மரம் முறுக்கும். பீச் ஈரத்துக்கு அதிகமாக அசையும் மரம்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதே. காயும்போது லின்சீட் ஆயில் தானாகச் சூடாகும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். கொடியில் விரித்துப் போடு, இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வை. உன் அம்மாவிடமும் இதைச் சொல்லிவை.

ஒட்டின கோடு தெரியுமா என்று கேட்பாய். மெல்லிய கோடாகத் தெரியும். நிறம் கொடுத்து ஓரளவு அடக்கலாம், அதில் தப்பில்லை, கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் உள் குடைவில், இரும்புக்கு அடியில், ஒட்டிய மாதமும் வருடமும் பென்சிலால் எழுதிவிடுவோம், உள்ளே கம்பி இருக்கிறது என்றும் சேர்த்து. அந்தத் துப்பாக்கி நாளை வேறு கைக்குப் போகலாம். கட்டையைத் திறக்கிற அடுத்த வேலைக்காரனுக்கு அது தெரிய வேண்டும்.

மூத்தவர் சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. கட்டையையும் சிம்பு உறையையும் மட்டும் கொண்டு வா. குழலும் விசையும் அவரிடமே இருக்கட்டும். கட்டையைப் பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டு. வண்டியில் வராதே, கை ஆறவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வா. வழியில் அரால்டைட், ஒரு பழைய சைக்கிள் டியூப், கால் லிட்டர் அசிட்டோன் வாங்கிக்கொள். சாக்கட்டித் தூள் என்னிடம் இருக்கிறது. அத்தை உனக்கு மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
மாமா